தண்ணீரைவிடப் பாரம்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம்
மூன்றாவது கடை.
தண்ணீர்ப் பம்புகளுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறேன்.
அதற்கு முன்பு ஏழு வருசம் முகமாலையில்
முழங்காலில் நின்று கண்ணிவெடி எடுத்தேன்.
ஒரு சாண் நிலம். பிறகு ஒரு சாண்.

கொழும்பு லொறியில் வந்த நீலப் பரலில்
மண்டையோட்டுப் படம் உரிந்து
பற்கள் மட்டும் மிச்சமாய் இருந்தன.
ட்ரைக்குளோர், என்றார் யோகரூபன் அண்ணை.
மண்ணெண்ணெய் போட்டு அரைநாள் தேய்க்கிற கிரீஸை
இது மூச்சு விடுவதற்குள் கழற்றும்.

கழற்றியது.
பத்துப் போகத்துச் சேறும் ஒயிலும் இறுகிய பேரிங்
கடையில் வாங்கிய நாள் போல் வெளியே வந்தது.
நிறமில்லை. கையைக் குளிர்த்திவிட்டு
ஈரமும் வைக்காமல் போய்விடும்.
ஒரு லீற்றர் போத்தல் ஒன்றரைக் கிலோ கனக்கும்.
மணமோ,
பங்குனி விடியலில் இலுப்பைக்குக் கீழே நின்ற மாதிரி.
எரிகிற தீக்குச்சியை அதற்குள் போட்டு
அணைத்துக் காட்டினார் அண்ணை.
அதை நல்ல குணம் என்றே எடுத்துக்கொண்டோம்.

அதன் ஆவி மேலே எழும்பாது, பள்ளம் தேடும்.
குழிக்குள் இறங்கிக் கழுவிய மதுசன்
காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்கினான்.
சிரிப்பு நின்றபோதுதான் ஓடினோம்.
இரண்டு தரம் சத்தியெடுத்து, எழும்பி வீட்டுக்குப் போனவன்
அடுத்த நாளும் வந்தான்.
சம்பள நாள்.

பின்னேரம் ஒரு போத்தல் கள்ளுக் குடித்தால்
அண்ணையின் முகம் திட்டுத்திட்டாய்ச் சிவக்கும்.
கள்ளில்தான் பிழையென்று தவறணையை மாற்றினார்.

திறந்த வாளிக்குப் பக்கத்தில் வெல்டிங் நடந்த அன்று
இனிப்பு மணம் போய் நனைந்த வைக்கோல் மணத்தது.
சூடடித்து மழையில் விட்டது யாரென்று
தெருவை எட்டிப் பார்த்தோம்.
அன்றிரவு மூன்று வீடுகளில் இருமல்.

உயர்தரத்தில் இரசாயனம் படிக்கிற மதுசனின் தங்கை
பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள்:
ஈரல். சிறுநீரகம். புற்று. வயிற்றுப் பிள்ளை.
கீழே கோடிட்டிருந்தாள்: கிணறு.

எண்ணெய் என்றால் மிதந்து காட்டிக்கொடுக்கும்.
இது தண்ணீரைத் துளைத்து இறங்கி
கல் வெடிப்பில் படுத்துக்கொள்ளும்.
இருபது வருசம், முப்பது வருசம்,
கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்துகொண்டு.
பாவித்து மண்டியானதைப் பூவரசுக்குப் பின்னால் ஊற்றினோம்.
நானும் ஊற்றினேன்.

மிதிவெடிக்குள் துளி இரும்பாவது இருக்கும்,
என் பழைய கருவி அதன்மேல் முனகும்.
இங்கே அதைக் கொண்டுவந்து வைத்தாலும் ஊமை.
நாலு தடி வெட்டி, முனையில் சிவப்புப் பூசி,
பூவரசடியில் நின்றேன்.
நகர்ந்துகொண்டிருப்பதற்கு எந்த இடத்தில் எல்லை நடுவது?

அப்போதுதான் வெறும் பரலின் ஞாபகம் வந்தது.
வித்தாச்சு, என்றார் அண்ணை.
கண்டாவளைக்கு. மூவாயிரத்துக்கு.

சைக்கிளில் போனேன்.
முருங்கை நிழலில் கல் அடுக்கி
அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள்.
மூன்று தரம் சோப்புத்தூள் போட்டுக் கழுவினதாம்.
வெயிலுக்க வந்திருக்கிறியள், என்று
ஜெயரஜனி மூடியைத் தூக்கி டம்ளரை அமிழ்த்தினாள்.
"வவுசர் தண்ணிதான் அக்கா,
இதுக்க வைச்சால் ஒரு இனிப்பு வருது."

டம்ளரின் அடி தெளிவாகத் தெரிந்தது.
எந்தச் சொல்லை முதலில் வைப்பதென்று தெரியாமல்
இன்னும் அதைப் பிடித்தபடியே நிற்கிறேன்.
உள்ளேயிருந்து ஒரு பிள்ளை
தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிறது.